எத்தனை பிரதி, எதன் மேல்?



வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால், பளபளக்கும் பிளாஸ்டிக் பிஸ்கட் உறையில் உள்ள பொடி எழுத்து ஒன்றை அதன் வழியே பாருங்கள். எழுத்தின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி தெரிந்தால், அது பெரும்பாலும் கிரேவியர் அச்சு. பிறகு வார இதழின் அட்டையைப் பாருங்கள். எழுத்து வெட்டியெடுத்தது போலச் சுத்தமாக இருக்கும். அது ஆஃப்செட்.

கிரேவியரில், செம்பு பூசிய சிலிண்டரில் படத்தையும் எழுத்தையும் நுண்ணிய குழிகளாகச் செதுக்குகிறார்கள். குழிக்குள் மை தங்கும். மேலே படிந்த மையை மெல்லிய பிளேடு வழித்துவிடும். எழுத்தே குழிகளால் ஆனதால்தான் விளிம்பில் அந்தப் பல். லட்சக்கணக்கில் ஓட்டினாலும் சிலிண்டர் எளிதில் தேயாது. ஆனால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வேண்டும், செலவும் அதிகம்.

ஆஃப்செட்டின் வேர் 1796-இல் ஜெர்மனியின் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அதன் சூத்திரம். இன்று அலுமினியத் தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும், அதிலிருந்து காகிதத்துக்கும் மை இறங்குகிறது. சிவகாசியின் காலண்டர்களும் டைரிகளும் இப்படித்தான் வருகின்றன.

அலை மடிப்புள்ள அட்டைப்பெட்டியை அழுத்தி அச்சடித்தால் நசுங்கிவிடும். அதற்கு வளைந்து கொடுக்கும் தகடு கொண்ட ஃபிளெக்ஸோ இருக்கிறது. டிஜிட்டலுக்குத் தகடே வேண்டாம். பத்துப் பிரதியும் அடிக்கலாம். ஆனால் எண்ணிக்கை கூடினாலும் ஒரு பிரதியின் அடக்கவிலை பெரிதாக இறங்காது.

இதை ஏன் சொல்கிறேன்? அச்சகத்துக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ரேட் என்ன?" அதற்கு முன் யோசிக்க வேண்டியது, எத்தனை பிரதி, எதன் மேல் என்பது. ஆயிரம் அடித்தால் மலிவு என்று நம்பி, முதல் கவிதைத் தொகுப்பைப் பரணில் அடுக்கி வைத்தவர்கள் எத்தனையோ பேர். நூறு பேர் வாங்குவார்கள் என்றால் நூறு அடிப்பதே சிக்கனம். அவை விற்றபின் மீதியை அடித்துக்கொள்ளலாம்.

ஊறுகாய்த் தொழில் தொடங்கும் சகோதரிகளுக்கும் இதுவே கணக்கு. முதலில் அச்சில்லாத பாக்கெட் வாங்கி, டிஜிட்டல் லேபிள் ஒட்டி விற்றுப் பாருங்கள். சரக்கு நிலையாக நகர ஆரம்பித்த பிறகு சிலிண்டருக்குப் பணம் போடலாம். அப்போது இன்னொன்றையும் கேளுங்கள்: மை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே அடைபடுகிறதா? உணவு உறையில் மை பண்டத்தைத் தொடவே கூடாது. அந்த விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.