மீன் தொட்டியும் வீட்டின் தரையும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுக்குள் பெரிய மீன் தொட்டி வைப்பதைப் பற்றியது. வெறும் மீன் தொட்டியன்று. அடியில் மண் பரப்பி, நீர்ச்செடிகள் நட்டு, ஒரு குளத்தின் மூலையைப் பெயர்த்து வந்து கண்ணாடிக்குள் வைத்தாற்போல் இருக்கும் தொட்டி. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த ஆசை புதியதன்று. அல்லூற்றில் கப்பி மீன் பிடித்துப் போத்தலில் வளர்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து, ஸ்ரீ கெம்பாங்கான், பூச்சோங், காஜாங் பக்கங்களில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். போத்தலில் தொடங்கிய ஆசை இப்போது ஆறடித் தொட்டியாக வளர்ந்து நிற்கிறது. அதற்காகச் சுவரை எடுக்கலாமா, தரையைத் தோண்டலாமா என்ற யோசனையும் பிறக்கிறது. வீட்டிலுள்ள பாட்டி மட்டும், "இம்புட்டுத் தண்ணிய வீட்டுக்குள்ள வைக்கிறியே, தரை தாங்குமாய்யா?" என்று கேட்பார். பாட்டி கேட்பது சரியான கேள்வி. அதற்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 24 கன அடி. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லிட்டர் நீர் பிடிக்கும். ஆக, விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பது உங்களுக்குத் தெரியும். விளிம்பில் சிறிது குறைத்து, மணலுக்கும் கல்லுக்கும் இடம் விட்டு, நீர் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று அங்குலம் பரப்பிய மணல் 130 கிலோவுக்குக் குறையாது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி மட்டும் 120 கிலோ வரும். தாங்கும் மேடையையும் சேர்த்தால் மொத்தம் ஒரு டன்னை நெருங்கிவிடும். பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் நூற்றை ஒரு கட்டிலின் அளவுகூட இல்லாத இடத்தில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்டால் எப்படியோ அப்படி.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், குடியிருப்பு வீட்டின் தரை எவ்வளவு பாரத்துக்கு வடிவமைக்கப்பட வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்பது அந்தக் கணக்கு. நாற்காலி, கட்டில், அலமாரி, ஆட்கள் எல்லாம் அதில் அடக்கம். நம் தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே இறங்கும் பாரம் அந்த அளவைப் போல் ஆறு மடங்கு. இதைக் கேட்டவுடன், தொட்டி வைத்த மறுநாளே மாடி இடிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பாரம் தரை முழுவதும் பகிர்ந்து போகும், உத்திரங்களும் தாங்கும், வடிவமைப்பில் பாதுகாப்புக்கென்று சிறிது மிச்சமும் விட்டிருப்பார்கள். ஆனால் அந்த மிச்சம் எவ்வளவு, உத்திரம் எங்கே ஓடுகிறது, கம்பி எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆகவே அடுக்குமாடி வீட்டிலும், மாடி வீட்டின் மேல்தளத்திலும் ஆறடித் தொட்டி வேண்டவே வேண்டாம் என்பதே என் கருத்து. கீழே உறங்குவது வேறொரு குடும்பம்.

விரிசல் என்றால் என்னவென்று நம் மக்களில் பலர் பட்டு அறிந்தவர்கள். ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே, 1921-இல் தொடங்கப்பட்ட பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா நகரம் எழுந்தது. அந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேறி, சுவரிலும் தரையிலும் கண்ட விரிசல்களுக்காக ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். வீட்டில் புதிதாக ஒரு டன் பாரம் ஏற்றுமுன் அந்த விரிசல்களை நினைத்துப் பார்ப்பது நல்லது.

சரி, தரைத்தளம் என்றால் கவலையில்லையா? அங்கும் ஒரு சங்கதி இருக்கிறது. ஸ்ரீ கெம்பாங்கான் என்பது 1950-ஆம் ஆண்டு அவசரகாலத்தில் அமைந்த செர்டாங் புதுக்கிராமம். அதைச் சுற்றி ஒருபுறம் ரப்பர்த் தோட்டங்கள், மறுபுறம் ஈயச் சுரங்கங்கள். உலகிலேயே மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று ஒருகாலத்தில் பெயர் பெற்ற சுங்கை பீசிச் சுரங்கம்தான் இன்று மைன்ஸ் ஏரியாகக் கிடக்கிறது. ஈயம் அலசி எடுத்த நிலத்தில் ஓரிடம் வெறும் மணலாகவும், அடுத்த இடம் களிச்சேறாகவும் இருக்கும். அத்தகைய நிலத்தை மேடாக்கிக் கட்டிய வீட்டில் மண் சீராக அமுங்குவதில்லை. மூலைக்கு மூலை வேறுபடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. தொடர் வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பின்புறத்தில் சமையலறையை நீட்டிக் கட்டியிருப்பார்கள், அல்லது முன்புறத்தில் கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக் கூடமாக்கியிருப்பார்கள். பழைய வீடு தூண், உத்திரம், அஸ்திவாரத்தோடு நிற்கிறது. நீட்டிய பகுதியோ பல வீடுகளில் மண்மேல் ஊற்றிய வெறும் கான்கிரீட்டு. சில ஆண்டுகளில் அது இறங்க, இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். உங்கள் வீட்டில் அந்தக் கோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தொட்டியின் ஒரு கால் பழைய தரையிலும் மறுகால் புதிய தரையிலும் நிற்கக்கூடாது. ஒரு பக்கம் சிறிது இறங்கினாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். 600 லிட்டர் நீர் நடு இரவில் கூடத்தில் கொட்டினால், தளவாடங்கள் போவது ஒருபுறம் இருக்க, அந்த நீரில் மின்கம்பியும் கிடக்கும்.

எனவே தொட்டிக்கு ஏற்ற இடம், பழைய வீட்டின் தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக. சுவரின் கீழ் பெரும்பாலும் உத்திரம் ஓடும், நடுக்கூடத்தில் அப்படியில்லை. முறையாகச் செய்ய விரும்புகிறவர்கள் அந்த இடத்தில் தரைக்கல்லை வெட்டியெடுத்து, மண்ணை நன்றாகக் கெட்டித்து, பி.ஆர்.சி. கம்பிவலை போட்டு, தொட்டியைவிட நாற்புறமும் அகலமாக ஒரு தனிக் கான்கிரீட்டுப் படுகை ஊற்றலாம். பாரம் அகலமான மண்ணில் பரவுவதற்காகவே இந்த ஏற்பாடு. ஊற்றிய கான்கிரீட்டு முழு வலு அடைய 28 நாள் கணக்கு. கொத்தனார் "நாளைக்கே வைக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். களிச்சேறு கண்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவாக நினைக்க வேண்டாம்.

சுவரைக் குடைந்து தொட்டியை உள்ளே பதித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தொடர் வீட்டில் பக்கத்துச் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமன்று, அண்டை வீட்டாருக்கும் அதுவே சுவர். அதில் உளி வைக்கக்கூடாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரானாலும், அது பாரம் தாங்கும் சுவரா என்று தெரிந்துகொண்டு, ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்றே திறக்க வேண்டும். ஸ்ரீ கெம்பாங்கானுக்கு 1997 முதல் சுபாங் ஜெயா மன்றமே பொறுப்பு. 2020 முதல் அது மாநகர் மன்றம்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளின் மின்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணைக்கும் கருவி ஒன்று இருக்கும். பல வீடுகளில் அது 100 மில்லி ஆம்பியர் கசிந்த பிறகே அணைக்கும். ஈரக்கையோடு நீருக்குள் கைவிடும் மனிதனைக் காக்க அது போதாது. தொட்டியின் விளக்கும் நீரிறைப்பானும் சேரும் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த அளவில் அணைக்கும் தனிக் கருவியை, உரிமம் பெற்ற மின் தொழிலாளியைக் கொண்டு பொருத்துங்கள். பிளக்குக்குப் போகும் கம்பி, பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிச் செல்லட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கைவிடுமுன் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவு கவலைக்கும் நடுவே, இந்தக் கண்ணாடித் தோட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லண்டன் நகரின் புகையில் செடி வளராமல் வருந்திய நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், 1829-ஆம் ஆண்டு வாக்கில், மூடிய போத்தலுக்குள் ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்திருப்பதைக் கண்டார். உள்ளே ஆவியான நீர் மீண்டும் மண்ணுக்கே இறங்கிச் செடியைக் காத்திருந்தது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் கப்பலேறின. 1876-இல் பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்ததும், 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய பால்மரத்தை இந்தப் பக்கம் கொண்டு வந்தது கண்ணாடிப் பெட்டிதான்! அதே லண்டனில், 1850-ஆம் ஆண்டு, ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று வாழவைப்பதை விளக்கினார். மீன் வெளியிடும் கழிவைச் செடி உண்கிறது. செடி வெளிச்சத்தில் பிராணவாயு விடுகிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. நம் தொட்டிக்கும் இதுவே அடிப்படை.

நம் காலத்தில் இந்தக் கலையை உலகறியச் செய்தவர் ஜப்பானியரான தக்காஷி அமானோ. 2015-இல் மறைந்தார். அவர் தம் வீட்டில் நான்கு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அதே உயரமுள்ள தொட்டி வைத்திருந்தார். நீர் மட்டுமே ஒன்பது டன் அளவில் வரும். அவ்வளவு பாரத்தை எங்கே நிறுத்துவது என்று முதலில் தீர்மானித்தால்தான் பிறகு செடியைப் பற்றி நினைக்க முடியும். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டியை மலிவாகக் கண்டதும் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகிறார்கள்.

செடியைப் பற்றி ஓரிரு சொல். கடைகளில் விற்கும் குளிர்நாட்டுச் செடிகள் நம் வெப்பத்தில் வாடும், நீரைக் குளிர்விக்கும் கருவிக்கு மின்கட்டணமும் ஏறும். கிரிப்டோகொரைன் வகைகள் நம் மலேசியக் காட்டோடைகளுக்கே உரியவை. பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குக் காட்டும் ஹைட்ரில்லாவும் நன்றாக வளரும். காட்டில் பிடுங்க வேண்டாம், வளர்ப்பவரிடம் வாங்குங்கள். மேற்கு வெயில் நேரே விழும் இடம் கூடாது, பாசி படிந்துவிடும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் போதும். மண்ணும் செடியும் வைத்து நீர் நிரப்பியபின் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருந்து, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிய பிறகு, சில மீன்களாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே மீனை விட்டுவிட்டு, மறுநாள் செத்து மிதக்கக் கண்டு பிள்ளை அழுவதைப் பல வீடுகளில் காணலாம்.

வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டுமென்றால் ஆறடித் தொட்டிக்கு 150 லிட்டர். யார் தூக்குவது? பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்கள்தாம். ஆகவே திட்டமிடும்போதே பக்கத்தில் ஒரு குழாயும், தரையில் நீர் வடியும் துளையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல எரு. குளோரின் போகக் குழாய்நீரை ஒரு நாள் வாளியில் வைப்பவர்கள், வலைத்துணியால் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசு வளர இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு, டிங்கிக் காய்ச்சலோ அதைவிடக் கொடிது.

மீன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டால் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். பாசி தின்னும் என்று வாங்கிய மீன்கள், மலாய்க்காரர்கள் பண்டாராயா மீன் என்று சொல்வார்களே, அவை இன்று லங்காட் ஆற்றில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் தொட்டிக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். அதில் 190 லிட்டர் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து 300 கிலோவுக்குள் அடங்கும். சுவரை இடிக்க வேண்டியதில்லை, தரையைத் தோண்ட வேண்டியதில்லை. தரைத்தளத்தில் சுவரோரம் மட்டமான மேடை போதும்.

ஆறடித்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், மண்ணும் செடியும் போடுமுன் வெறும் நீரை மட்டும் நிரப்பி இரண்டு வாரம் விட்டு வையுங்கள். முதல் நாளே ரசமட்டம் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரிலுள்ள விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். பதினான்காம் நாள் மறுபடி பாருங்கள். மட்டம் மாறியிருந்தாலோ, விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, அன்றே நீரை இறைத்துவிடுங்கள். மாறவில்லையென்றால் மண்ணைக் கொட்டலாம், பாட்டியையே முதல் செடியை நடச் சொல்லலாம்.