தேன் உறைவது குற்றமா?
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். டர்பைன், பாய்லர் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப் போவது தேனைக் கிண்டிக் குழைக்கும் ஒரு சின்ன இயந்திரத்தைப் பற்றி. "மெக்கானிக்கல் படிச்சிட்டு தேன் கிண்டப் போயிட்டியாடா?" என்று முன் வரிசையில் ஒரு நண்பன் கேட்கிறான். ஆமாம்ப்பா, போயிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் துணைவியாரின் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். மைத்துனர் தேன்பெட்டி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் தேனீ வளர்ப்பு பல தலைமுறைத் தொழில். 1991, 92-ல் தாய் சாக் ப்ரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. அதிலிருந்தும் எழுந்து வந்தவர்கள் அவர்கள். அங்கே பெரிய மகசூல் ரப்பர் தோட்டத்தில்தான். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் கூடுகிற இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். பூவில் இருந்து அல்ல, இலைக்காம்பில் இருந்து! தேனீ அதைத்தான் தேனாக்குகிறது.

இந்த ரப்பர் தேனுக்கு ஒரு குணம் உண்டு. சீக்கிரம் உறைந்துவிடும். அதில் குளுகோஸ் அதிகம். கரைந்திருக்க முடியாத குளுகோஸ் படிகமாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. இது இயற்கை. ஆனால் நம் மக்கள் என்ன சொல்கிறார்கள்? "அடியில சர்க்கரை நிக்குது, கலப்படம்." வியாபாரி அதையே சாக்காக வைத்து விலையைக் குறைக்கிறார். "அத்தான், நல்ல தேனுக்கு நாம எதுக்கு கள்ளன் பேரு வாங்கணும்?" என்று மைத்துனர் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

உறைவதைத் தடுக்க முடியாவிட்டால், அழகாக உறைய வைக்கலாமே! வெளிநாட்டில் இதைத்தான் செய்கிறார்கள். எல்டன் டைஸ் என்பவர் இந்த முறைக்கு 1935-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, அதைக் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். முறை எளியது. தேனைப் பக்குவமாகச் சூடாக்கி, வடிகட்டி, பழைய படிகங்களையும் நொதிகளையும் ஒழிக்க வேண்டும். ஆற வைத்து, ஏற்கெனவே மெல்லியதாக உறைந்த தேனை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு சேர்த்துக் கலக்க வேண்டும். பிறகு 14 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஒரு வாரத்தில் வெண்ணெய் போல உறைந்து, ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும்.

தாய்மார்களுக்கு இது உடனே புரியும். பாலுக்கு உறை மோர் ஊற்றுகிறோமே, அதே கதை. உறை மோர் புளித்திருந்தால் தயிரும் புளிக்கும். உறை தேன் நறநறவென்று இருந்தால் பானை முழுக்க நறநறக்கும். ஆகவே உறை தேனை நாக்கில் வைத்துப் பாருங்கள். மணல் மாதிரி தட்டுப்பட்டால் அரைத்து நைஸாக்காமல் சேர்க்காதீர்கள்.

சரி, இதில் இயந்திரத்துக்கு என்ன வேலை? இரண்டே வேலை. உறை தேனை எல்லா இடத்துக்கும் சமமாகக் கொண்டுபோக வேண்டும். பெரிதாக வளரப் பார்க்கும் படிகங்களை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் மெதுவாக, காற்றை உள்ளே இழுக்காமல் நடக்க வேண்டும். அதனால்தான் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் உதவாது. வேகமாக அடித்தால் காற்று புகுந்து, பாட்டிலின் மேலே வெள்ளை நுரை கட்டும். வாங்குகிறவர் அதற்கும் கலப்படம் என்பார்!

வாங்குவதாக இருந்தாலும், பட்டறையில் செய்வதாக இருந்தாலும், நான் பார்க்கச் சொல்லும் விஷயங்கள் இவை.

முதலாவது, வேகமும் முறுக்கு விசையும். 1440 சுற்று ஓடும் அரைக் குதிரைசக்தி மோட்டாருக்கு 50-க்கு 1 வார்ம் கியர் பாக்ஸ் போட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 29 சுற்று வரும். கியர் இழப்பு போக, தண்டில் ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 50 கிலோ கொள்ளளவுக்கு இது போதுமானது. தேனின் அடர்த்தி 1.4 என்பதால் 50 கிலோ என்பது 36 லிட்டர்தான். பானை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று நான்கு மணி நேரம் சும்மா கிடந்த குளிர்ந்த தேனை மறுபடி அசைக்கும்போதுதான் மோட்டார் திணறும். சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற ஊரில் ஓவர்லோட் ரிலே இல்லாமல் வைத்தால் காயில் புகைந்துவிடும்.

இரண்டாவது, மோட்டார் மேலே இருக்கட்டும். அடியில் தண்டு நுழைந்தால் சீல் தேய்ந்து தேன் ஒழுகும். மேலே வைத்தால் கியர் ஆயில் சொட்டும் அபாயம் உண்டு. அதற்கு ஒரு தட்டு கட்டாயம். ஒரு விற்பனையாளர் கொண்டுவந்து காட்டிய இயந்திரத்தில் அந்தத் தட்டே இல்லை. கேட்டதற்கு, "எண்ணெய் வராது சார்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது!

மூன்றாவது, துடுப்பு. அடியில் இருப்பதை மேலே ஏற்றும் சாய்ந்த அலகு, சுவரை ஒட்டினாற்போலச் சுற்ற வேண்டும். துடுப்பின் மேல் நுனி எப்போதும் தேனுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். வெளியே தலைகாட்டினால் காற்றை வாரிக்கொண்டு போகும்.

நான்காவது, பானை 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளிவாய் குறைந்தது ஒன்றரை இஞ்ச். உறைந்த தேன் சிறிய குழாயில் இறங்காது. மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல தேன் அந்த ஈரத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும் சுவிட்சும், சரியான எர்த்தும் வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, டைமர். மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை, பதினைந்து நிமிஷம் ஓடினால் போதும். ராத்திரி எழுந்து சுவிட்ச் போடும் வேலை மிச்சம். தேன் மங்கி, முத்துப் போல மினுமினுக்க ஆரம்பித்ததும் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். முழுக்க இறுகும்வரை காத்திருந்தால் கரண்டியால்தான் தோண்ட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். இந்த இயந்திரம் நீங்கள் செய்ய வேண்டிய மூன்றாவது செலவு. முதல் செலவு ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டாவது குளிர்.

தேனில் குளுகோஸ் படிகமாகும்போது மீதித் தேன் தண்ணீராகிறது. அதில் நொதி பிடித்தால் பாட்டில் புளித்துப் பொங்கும். தேனின் ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 18 வரை, சூடாக்கி நொதியைக் கொன்றிருந்தால் சமாளிக்கலாம். 20-ஐத் தாண்டினால் இயந்திரம் தங்கத்தில் இருந்தாலும் பயன் இல்லை. நம் இந்தியத் தேனீயின் தேனோ ஈரம் கூடினது. மைத்துனரோடு சேர்ந்த நான்கு பேர் கடன் வாங்கி, இறக்குமதி இயந்திரம் ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போனார்கள். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் 22! நிறுத்தச் சொன்னேன். அந்தப் பணத்தில் ஒரு துளியில் ஈரத்தை வைத்து, கருவியையும் ஒரு ஈரம் நீக்கும் சாதனத்தையும் வாங்கினோம். தேனீ மெழுகால் மூடிய அடைகளை மட்டும் எடுத்து, மூடிய அறையில் ஈரம் நீக்கினோம். அடுத்த பருவத்தில் 18-க்கு வந்தது. அதற்கப்புறம்தான் பட்டறையில் இயந்திரம் செய்தோம்.

அடுத்து குளிர். குமரி மாவட்டத்தில் அறை வெப்பமே 30 டிகிரி. 50 கிலோ தேனை அதிலிருந்து 14-க்குக் கொண்டுவர வெளியேற்ற வேண்டிய வெப்பம் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல்தான். கணக்கில் சின்னது. ஆனால் தேன் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், நடுவில் குளிர் இறங்க நாளாகும். பழைய பிரிட்ஜ் ஒன்றில் தெர்மோஸ்டாட் மாற்றி 14-ல் நிறுத்தினாலே சின்ன அளவுக்குப் போதும். பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு நான் இயந்திரமே வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த பிரிட்ஜும், கையால் கிண்ட ஒரு நீண்ட துடுப்பும் போதும். ஐம்பது, நூறு பெட்டிக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். விற்கும் கடையிலும் குளிர்ந்த அலமாரி வேண்டும். வெயிலில் வைத்தால் இளகி, மேலே தெளிந்து பிரிந்துவிடும்.

தோழர்களே, இங்கே குளிர்சாதனத் துறையில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். மலிவாக, மின்சாரம் போனாலும் சில மணி நேரம் 14-ல் நிற்கும் ஒரு பெட்டியை வடிவமைத்துக் கொடுங்கள். அதுதான் இந்தத் தொழிலுக்கு இப்போது வேண்டியது. மோட்டாரும் கியரும் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். உறைந்த தேனும் நல்ல தேன்தான் என்று உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். அதற்குப் பைசா செலவில்லை. தேன்பெட்டி வைத்திருப்பவருக்குக் கிடைக்க வேண்டிய விலையில் பாதி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.