பினாங்குச் சட்டம் நீதிமன்றப் படியேறியபோது

ஜார்ஜ் டவுன் லைட் ஸ்ட்ரீட்டில் மாநிலச் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஓரிடத்தில் இயற்றும் சட்டத்தை, யாரும் ஓட்டுப் போட்டு அமர்த்தாத நீதிபதிகள் செல்லாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

1807இல் அரச சாசனத்தின் வழி பினாங்குக்கு நீதிமன்றம் வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் தள்ளும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அமெரிக்காவிலோ 1803இலேயே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படாத அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்துவிட்டார்.

நமக்கு அது எழுத்திலேயே கிடைத்தது. 1957 அரசமைப்பின் 4ஆவது விதி சொல்வது இதுதான்: இதுவே உச்சச் சட்டம், மெர்டேக்காவுக்குப் பின் இயற்றப்படும் சட்டம் இதனோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்குச் செல்லாது.

ஆனால் எழுதிவைத்தது மட்டும் காப்பாற்றாது. 1988இல் 121ஆவது விதியைத் திருத்தி, நீதிமன்றங்களுக்கு நாடாளுமன்றச் சட்டம் தருகிற அதிகாரமே உண்டு என்று ஆக்கினார்கள். அதே ஆண்டு நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். நம் நீதித்துறை பட்ட பெரிய காயம் அது என்றே நான் நினைக்கிறேன். அது ஆற ஒரு தலைமுறை ஆனது. 2017இல், செமினி ஜெயா நில வழக்கில், இழப்பீட்டை முடிவுசெய்வதில் மதிப்பீட்டாளர்களின் கருத்துக்கு நீதிபதி கட்டுப்பட வேண்டும் என்ற பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது, அதைப் பறிக்க முடியாது என்றார் அவர்.

இனி நம்மூர் வழக்கு. கட்சி தாவும் உறுப்பினர் பதவி இழக்க வேண்டும் என்று 2012இல் பினாங்கு சட்டம் போட்டது. கிளந்தான் போட்ட இதுபோன்ற சட்டம் 1992இலேயே நீதிமன்றத்தில் விழுந்திருந்தது. சங்கம் சேரும் உரிமையை அது மீறுகிறது என்பது காரணம். பினாங்குச் சட்டத்தின்படி நான்கு உறுப்பினர்களின் இடங்களைக் காலியாக்கச் சட்டமன்றம் முயன்றபோது, அவர்களும் அதே வாதத்தோடு வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்டில், கூட்டரசு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் தலைமையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகப் பினாங்குச் சட்டம் செல்லும் என்றார்கள்.

கிளந்தானுக்கு ஒன்று, பினாங்குக்கு ஒன்றா என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுகளில் நீதிமன்றம் தன் பார்வையையே மாற்றிக்கொண்டது. கோளாறைத் தள்ளுவதும், குற்றமில்லாததை நிலைநிறுத்துவதும் ஒரே அதிகாரத்தின் வேலைதான். 2023 மார்ச்சில் சட்டமன்றம் அந்த நான்கு இடங்களும் காலி என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு அது நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருந்தது.