பிள்ளைப் பிணிகளும் உடற்காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மிஷன் பாடசாலையொன்றில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணவன் நான், வைத்தியன் அல்லன். ஆயினும் இவ்விஷயத்தைப் பேச என்னைத் தூண்டியது என் பாட்டியின் ஒரு சொல். "பெத்தது ஏழு; ஆத்தா எடுத்துக்கிட்டது ரெண்டு; குக்கல்ல போனது ஒன்னு; மிச்சம் நாலு" என்று, பெரட்டுக் களத்தில் பேர் சொல்வதுபோல் அவர் கணக்குச் சொல்வார். ஆத்தா என்று அவர் குறித்தது சின்னமுத்தை. இத்தகைய கணக்கு அன்று நமது லயங்களில் அநேக வீடுகளில் இருந்தது. இன்று நம் தாய்மார் அக்கணக்கைச் சொல்லாதிருப்பது எவ்வாறு நேர்ந்தது? அந்நிலை என்றும் நிலைக்குமா? இவ்விரு கேள்விகளையே உங்கள் முன் வைக்கிறேன்.

இலங்கையில் 1961இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும், 1962இல் இளம்பிள்ளைவாதத்துக்கான சொட்டு மருந்தும் வந்தன. 1978இல் தடுப்பூசித் திட்டம் நாடளாவ விரிந்தது. 1984இல் சின்னமுத்து ஊசி சேர்ந்தது. 1993க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் கண்ட பிள்ளை இல்லை. 2019இல் சின்னமுத்தும் ஒழிந்ததென உலக சுகாதார தாபனம் சான்று வழங்கிற்று. இவை மலையேறி இறங்கிய மருத்துவிச்சிகளும், குழந்தையைத் தோளிலிட்டுக் கிளினிக்குக்கு நடந்த தாய்மாரும் ஈட்டிய வெற்றிகள்.

நிற்க. தடுப்பூசி உடலில் யாது செய்கிறது? நமது குருதியிலுள்ள வெண்கலங்கள் தோட்டத்துக் காவற்காரரைப் போன்றவை. ஒருமுறை வந்த கள்வனின் முகத்தை அவை மறப்பதில்லை. அவனை மடக்கும் பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்துக்கொள்கின்றன. இதனையே நிர்ப்பீடனம் என்கிறோம். தடுப்பூசி என்பது, கள்வன் வருமுன்னரே அவன் முகத்தைக் காவற்காரனுக்குக் காட்டி வைப்பது.

சின்னமுத்தின் கொடுமை இவ்விடத்திலேதான் விளங்கும். அது காவற்காரனின் செக்றோல் புத்தகத்தையே கிழித்தெறிகிறது. ஒல்லாந்தில் ஊசி போடப்படாத 77 பிள்ளைகளின் குருதியைச் சின்னமுத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். முன்னே பெற்றிருந்த பிறபொருளெதிரிகளில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்திருந்தன. அம்மை இறங்கிய பின்னர் பல மாதங்கள் பிள்ளை மார்புச் சளியாலும் வயிற்றோட்டத்தாலும் நலிவதன் காரணம் இதுவே. "ஆத்தா இறங்கிவிட்டாள், இனிப் பயமில்லை" என்று நாம் எண்ணும் வேளையிலேதான் அபாயம் வாசலில் நிற்கிறது.

இனி, காவற்காரனே இல்லாமற் பிறக்கும் பிள்ளைகளும் உளர். 1952இல் அமெரிக்க வைத்தியர் ஒக்டன் புரூட்டன், மீண்டும் மீண்டும் நோயுற்ற 8 வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியில் பிறபொருளெதிரி அடங்கிய புரதம் இல்லையெனக் கண்டார்; பிறர் குருதியிலிருந்து அதனை எடுத்து ஊட்டி அவனைத் தேற்றினார். ஹூஸ்டன் நகரில் 1971இல் பிறந்த டேவிட் வெற்றர் என்னும் பிள்ளை, கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துள் வளர்ந்து 1984இல் மறைந்தான். ஆனால் 1968இலேயே, உடன்பிறந்தாரின் என்புமச்சையைச் செலுத்தி இத்தகைய பிள்ளையொன்று காப்பாற்றப்பட்டிருந்தது. டேவிட்டுக்குப் பொருந்திய மச்சை கிடைக்கவில்லை.

இது எங்கோ அமெரிக்காவில் உள்ள நோய் என்று எண்ணற்க. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனப் பிரிவில் இக்குறைபாட்டுக்கான சோதனைகள் நடக்கின்றன. இந்நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. இளம்பிள்ளைவாதக் கிருமி இவர்கள் உடலில் நெடுநாள் தங்குமோ என்று ஏழு நாடுகளில் ஆராய்ந்தபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

பெரியோர்களே! ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராய்க் கைக்குழந்தையிலேயே இறந்தால், நாம் என்ன சொல்கிறோம்? தோஷம் என்கிறோம்; செய்வினை என்கிறோம்; சில வேளை அந்தத் தாயையே ராசியில்லாதவள் என்கிறோம். அவள் செய்த குற்றம் யாதுமில்லை. இக்குறைபாடுகளிற் சில, தாய்க்கு யாதொரு துன்பமும் செய்யாமல் அவள் வழியாக ஆண்பிள்ளைகளை மட்டும் தாக்குவன. வேறு சில, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்து, நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாகப் பிள்ளையில் வெளிப்படுவன. சொந்தத்துள் மணந்தோரிடம் இவ்வாய்ப்பு அதிகம். மாமன் மகளை மணப்பது நம் வழக்கம். அதனை இழித்துரைக்க நான் வரவில்லை. அவ்வாறு மணந்தோர் வீட்டில் முன்னர் ஒரு சிசு காரணமறியாது இறந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறக்குமுன்னரே வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள் என்று மட்டுமே வேண்டுகிறேன். ஏனெனில் பிறந்தவுடன் போடப்படும் பீசீஜீ ஊசி உயிருள்ள கிருமியைக் கொண்டது; பிற பிள்ளைகளைக் காக்கும் அவ்வூசி, காவலே இல்லாத பிள்ளைக்குக் கேடாகலாம். சொன்னால் வைத்தியர் முதலில் குருதியைச் சோதிப்பார். மறைத்தால் அவர் எங்ஙனம் அறிவார்?

ஓராண்டில் இருமுறையோ அதற்கு மேலோ நியூமோனியா, ஆழமான கட்டிகள் அடிக்கடி வருதல், வாயில் வெண்படை நீங்காதிருத்தல், எடை ஏறாமை, மருந்துக்கு நோய் அடங்காமை: இவற்றைக் கண்டால் மருத்துவிச்சியிடம் கூறுங்கள். தக்க பிள்ளையை அவர் வழியாக நுவரெலியாவுக்கும், வேண்டுமாயின் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும் கொழும்புக்கும் அனுப்ப வழியுண்டு.

அன்றியும், பிறவிக் குறையினும் பெரிது பசிக்குறை. உலகில் பிள்ளைகளின் நிர்ப்பீடனத்தை மெலிவிக்கும் காரணங்களுள் போஷாக்கின்மையே முதன்மையானது. 1916 முதலே றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு இந்நாட்டுத் தோட்டங்களில் கொக்கிப் புழுவை ஒழிக்க முயன்றார்கள். செருப்பும் மலசலகூடமும் அன்று சொன்ன மருந்துகள். கர்ப்பிணிக்கு வயிறார உணவும், பிள்ளைக்கு முட்டையும் கீரையும் பருப்பும், பிள்ளைமடுவத்தில் சுத்தமான நீரும் இன்றும் ஊசிக்கு நிகரான காவல்களே.

இறுதியாக ஒன்று. உயிருள்ள கிருமி கொண்ட ஊசியை ஏற்க இயலாத பிள்ளையைக் காப்பது யார்? அடுத்த காம்பராப் பிள்ளை பெற்ற ஊசியே. சின்னமுத்து பரவாதிருக்க நூற்றுக்கு 95 பேர் காவல் பெற்றிருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் நமது லயத்தில், ஒரு வீட்டார் தவறவிட்டால் அனைவருக்கும் வாயில் திறக்கும். ஒழிந்ததென்ற சின்னமுத்து 2023இல் இந்நாட்டில் மீண்டும் தலைகாட்டிற்று; 2024 ஜனவரியில் பல மாவட்டங்களில் 6 மாதம் நிறைந்து 9 மாதம் எட்டாத குழந்தைகளுக்குங்கூட மேலதிக ஊசி போட நேர்ந்தது. வெற்றியை மறந்தோர்க்கு அது ஓர் எச்சரிக்கை.

வாலிப நண்பர்களே! அரைநாட் சம்பளம் போகுமே என்று கிளினிக் நாளைத் தள்ளிப்போடும் தாய்மார் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு லயத்துக்கும் நம்மில் இருவர் பொறுப்பேற்று, 9 மாத ஊசியும் 3 வயது ஊசியும் அட்டையில் பதிந்துள்ளனவா என்று பார்ப்போம். விடுபட்டிருப்பின் தாயுடன் நாமே நடந்து செல்வோம். பெரியோர்களே! வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் வாருங்கள். அதே நாளில் பிள்ளையை வைத்தியரிடமும் காட்டுங்கள். பிள்ளையைக் காக்க வேண்டுமென்றுதானே அவளை வேண்டுகிறோம்?

என் பாட்டியின் கணக்கை நம் பேரப்பிள்ளைகள் கதையாக மட்டும் கேட்கட்டும் என்று கூறி அமைகிறேன்.