பதிவேட்டில் இல்லாத ஐம்பது வருஷம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மறைந்த மூத்த உறுப்பினர்கள் நினைவேந்தலின்போது பேசியதன் எழுத்து வடிவம்)



இப்போதுதான் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்காக எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருந்தோம். வாசிச்ச பேர்களில் பாதிக்கு மேல மாதா கோயில் தெருவைச் சேர்ந்தவங்க. நானும் அந்தத் தெருவில் வளர்ந்தவள் என்பதால், அவங்களைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொல்லி தலைவி அக்கா கேட்டாங்க. நம்ம கூட்டமைப்பில் எல்லா சாமியும் கும்பிடுறவங்க இருக்கோம். நான் மதத்தைப் பத்திப் பேச வரலை. கோயிலுக்குப் போய்க்கிட்டு, கூலிக்கும் போய்க்கிட்டு, நம்ம குழுக்களைத் தூக்கி நிறுத்தின கிழவிகளைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்குப் பெரியநாயகின்னு ஒரு பேர் உண்டு. பக்கத்தில் கோணான்குப்பத்தில் இருக்கிற மாதாவுக்கும் பெரியநாயகி மாதான்னுதான் பேர். இத்தாலியிலிருந்து வந்து, தமிழ் படிச்சு, தேம்பாவணி பாடின வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பின கோயில் அது. தை மாதத் திருவிழாவுக்கு எல்லாச் சனமும் போறோம், பொங்கல் வைக்கிறோம், மொட்டை போடுறோம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ சனம் நேத்து வந்தவங்க இல்லை, தலைமுறை தலைமுறையா இந்த மண்ணில் இருக்கிறவங்க. அதுக்குச் சாட்சியாத்தான் சொல்றேன்.

இந்த ஆயாமார்களை நமக்கு எப்படித் தெரியும்? விடிகாலையில் மணி அடிச்சதும் தலையில் முக்காடு, கையில் ஜெபமாலையோடு நடந்து போவாங்க. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையில் முட்டி தேய நிப்பாங்க. பெரிய வெள்ளி அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒப்பாரி பாடுவாங்க. ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, ஆனா அடி பிசகாம வரும். நம்மில் பலபேருக்கு இந்த ஒரு முகம்தான் தெரியும். பூசையோ, சாமியார் வராத நாளில் உபதேசியார் சொல்ற ஜெபமோ முடிஞ்சு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சிட்டு, அப்புறம் அவங்க எங்க போனாங்க?

சிலர் மல்லாட்டை ஆயப் போனாங்க. சிலர் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாங்க. அந்த ஓட்டிலிருந்து வர்ற எண்ணெய் பட்டு விரல் தோல் உரிஞ்சு கிடக்கும். அந்தக் கையாலதான் ராத்திரி குழந்தைக்குச் சோறு ஊட்டினாங்க. நிறையப் பேர் டவுனில் இருக்கிற பீங்கான் பட்டறைகளுக்குப் போனாங்க. கூழாகக் கரைச்ச மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊத்தி எடுத்ததும் பிசிறு சுரண்டுறது, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிறது, வெயிலில் காய வைக்கிறது, பலகையைத் தலையில் தூக்கிச் சூளைக்குக் கொண்டுபோறது, வெந்து வந்ததை வைக்கோல் வச்சுக் கட்டுறது, இதெல்லாம் பொம்பளைங்க வேலை. நம்ம ஊர் பேர் சொல்லி விக்கிற கார்த்திகை அகல், கொலு பொம்மை, ஜாடி, மின்சார பியூஸ் கட்டை எல்லாத்திலும் இவங்க கைரேகை இருந்தது. சூளையில் வேகறதுக்கு முன்னாடி ஸ்பாஞ்சால் அதையும் அவங்களே துடைச்சிட்டாங்க.

இப்போ குழு விஷயத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அடுத்த சில வருஷத்தில் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1993-ல் கடலூர் தனி மாவட்டம் ஆச்சு. இதெல்லாம் நாம் பயிற்சியில் படிச்சது. ஆனா எங்க தெருவில் சேமிப்புங்கிறது அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருந்தது. அதுக்குப் பேர் பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாங்க. அரைவயிறு சாப்பிடுற வீட்டிலும் அந்தப் பிடி நிக்காது. ஞாயித்துக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவாங்க. அது இல்லாதப்பட்டவங்க வீட்டுக்குப் போகும். பிள்ளை பெத்தவ, புருஷனைப் பறிகொடுத்தவ, படுக்கையில் கிடக்கிறவன்னு கணக்கு பார்த்துப் பிரிப்பாங்க.

அதுபோல மரியாயின் சேனைன்னு ஒண்ணு. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்தில் 1921-ல் தொடங்கினது, நம்ம கிராமக் கோயில் வரைக்கும் வந்திருக்கு. வாராவாரம் கூட்டம். போன வாரக் குறிப்பை வாசிக்கணும். கொடுத்த வேலையை முடிச்சியான்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். ரெண்டு ரெண்டு பேரா நோயாளி வீட்டுக்குப் போயிட்டு வரணும். ஒரு பை சுத்தி வரும். யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால அதுக்கு ரகசியப் பைன்னே பேர். வாரக் கூட்டம், வருகை, தீர்மானம், சேமிப்புன்னு நம்ம குழு நடைமுறையை மகளிர் திட்டத்திலிருந்து வந்து சொன்னப்போ, எங்க ஆயாமார்கள் முழிக்கலை. "இது நாங்க செய்யறதுதானே"ன்னாங்க. மத்த தெருவில் குழு சேர்க்க மூணு மாசம் அலைஞ்ச இடத்தில், இங்க ஒரே கூட்டத்தில் உறுப்பினர்கள் உட்கார்ந்தாங்க.

எங்க குழுவில் ஒரு ஆயா இருந்தாங்க. கையெழுத்து கிடையாது, பெருவிரல்தான். ஆனா உள்கடன் வட்டி சொல்றதில் ஊக்குநரே அவங்களைக் கேட்டுட்டுத்தான் பேனா எடுப்பாங்க. ஜெபமாலையைக் கையில் வச்சுக்கிட்டு, பத்து சின்ன மணிக்கு ஒரு பெரிய மணின்னு தள்ளித் தள்ளிக் கணக்குப் போடுவாங்க. ஒரு பைசா தப்பாது. "மாதா மேல கை வச்சுக் கணக்குப் பண்றேன், பொய் வருமா?"ன்னு கேட்பாங்க.

இன்னொருத்தங்க, ஊரில் சாவு விழுந்தா முதல் ஆளாப் போய் நிப்பாங்க. குளிப்பாட்டுறது, சேலை கட்டி விடுறது, கட்டை விரலைச் சேர்த்துக் கட்டுறது, எல்லாம் அவங்கதான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் அவங்க வச்சிருந்த நாலு முந்திரி மரமும் வேரோடு சாஞ்சது. மறுநாள் தன் வீட்டுக் கூரையைப் பார்க்காம, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காரிக்கு அடுப்பு மூட்டப் போனவங்க அவங்க.

எல்லாமே இனிமையா இருந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பல ஊரில் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார வச்சிருக்காங்க. கல்லறைத் தோட்டத்தில் சுவர் வச்சுப் பிரிச்சிருக்காங்க. அந்த அவமானத்தையும் விழுங்கிக்கிட்டுத்தான் நம்ம கிழவிகளில் பலர் முட்டி போட்டாங்க. நல்லதை மட்டும் எழுதினா அது அவங்க கதை ஆகாது.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம். பூசையில் செத்தவங்க பேரை வாசிப்பாங்க. அந்தப் பேர்களை எழுதிக் கொடுக்கிற எங்களுக்குத் தாத்தா பேருக்கு மேல தெரியாது. ஆயாமார்கள்தான் மூணு தலைமுறைப் பேரையும் மனப்பாடமாச் சொல்லுவாங்க. ஊரில் உள்ள எல்லாச் சாவையும் ஞாபகம் வச்சவங்க அவங்க. அவங்க போனதுக்கு அப்புறம் அவங்களை யார் ஞாபகம் வச்சிருக்கா?

கோயிலில் பதிவேடு இருக்கு. ஞானஸ்நானம் என்னைக்கு, தாய் தகப்பன் யாரு, ஞானத்தாய் யாருன்னு ஒரு வரி. கல்யாணத்துக்கு ஒரு வரி. அடக்கத்துக்கு ஒரு வரி. அவ்வளவுதான். நடுவில் அவங்க உழைச்ச ஐம்பது வருஷம் கோயில் ஏட்டிலும் இல்லை, பட்டறை ஏட்டிலும் இல்லை. நம்ம தீர்மானப் புத்தகத்திலும் கடன் தொகைதான் இருக்கு, ஆள் இல்லை.

இது வெறும் ஞாபகத்துக்காகச் சொல்றது இல்லை, வயித்துப்பாட்டு விஷயமும்கூட. கோயிலில் ஆரோக்கியம்மாள்னு ஒரு பேர், ரேஷன் கார்டில் சின்னப்பொண்ணுன்னு ஒரு பேர். இப்படி ரெண்டு பேர் உள்ளவங்க நம்மகிட்ட எத்தனை பேர்! வயசும் அப்படித்தான். ஆதார் அட்டையைப் பாருங்க, பாதி ஆயாமார்கள் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவங்களா இருக்காங்க. முதியோர் உதவித்தொகை 2023-ல் மாசம் 1,200 ரூபாய் ஆச்சு. அட்டையில் வயசு குறைச்சலாப் போட்டதால அந்தப் பணம் கிடைக்காம அஞ்சு வருஷம், ஆறு வருஷம் அலையுறாங்க. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரியான வருஷம் இருக்கலாம். யாராவது போய்ப் பார்த்து, நகல் வாங்கிக் கொடுத்தாத்தானே அவங்க வயசை எடுத்துச் சொல்ல ஒரு ஆதாரம் கிடைக்கும்?

அடுத்தது இருமல். பீங்கான் மண்ணில் வெங்கச்சங்கல் பொடி சேர்ப்பாங்க. அதில் இருக்கிறது சிலிக்கா. அந்த நுண்ணிய தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிடும். பெரும்பாலும் பத்து இருபது வருஷம் கழிச்சுத்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதுக்கு சிலிகோசிஸ்னு பேர். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியலாம். அந்த நோய் உள்ளவங்களைக் காசநோயும் சுலபமாப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டா, நம்ம ஆயா "வீட்டு வேலைதான் சார்"னு சொல்லிடுறாங்க. முப்பது வருஷம் பட்டறைத் தூசியில் நின்னதை வேலைன்னு அவங்களே எண்ணலை. ஏன்னா அதை வேலைன்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதே இல்லை. டாக்டருக்கு அது தெரிஞ்சா பார்க்கிற வைத்தியமே வேற.

அதனால கூட்டமைப்பு முன்னாடி ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் மாசத்தில் ஒரு கூட்டத்தில், அரைமணி நேரம், ஒரு மூத்த உறுப்பினரை உட்கார வச்சுக் கேட்கட்டும். எந்தத் தெரு, எந்தச் சாமின்னு பார்க்க வேண்டாம். ஒரு தனி நோட்டில் இதை எழுதட்டும்.

1. கோயிலில் என்ன பேர், அட்டையில் என்ன பேர்.

2. எந்த வருஷம் பிறந்தாங்க. வருஷம் தெரியலைன்னா, நெய்வேலியில் 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சப்போ எவ்வளவு பெரிய பிள்ளை, 1982-ல் சத்துணவு வந்தப்போ எத்தனை குழந்தைக்குத் தாய்ன்னு கேட்டா வந்துடும்.

3. என்னென்ன வேலை, எத்தனை வருஷம், என்ன கூலி.

4. உடம்பில் எந்த வேலையால் என்ன வந்தது.

5. யார் யாருக்குப் பிரசவம் பார்த்தாங்க, யாருக்கு அரிசி கொடுத்தாங்க, யார்கிட்ட அவமானப்பட்டாங்க.

6. அவங்க ஞாபகத்தில் இருக்கிற செத்தவங்க பேர்.

எட்டாவது படிச்ச பிள்ளைகூட எழுதலாம். அவங்க பேச்சில் எப்படி வருதோ அப்படியே எழுதுங்க, திருத்த வேண்டாம். எழுதின பிறகு ஆயாவுக்கு ஒருமுறை வாசிச்சுக் காட்டுங்க. வெளியில் தெரிய வேண்டாம்னு அவங்க சொல்றதை அடிச்சிடுங்க. அதோடு, பட்டறைக்குப் போற நம்ம வயசு பொம்பளைங்க 60 வயசு ஆகிறதுக்கு முன்னாடியே தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு பண்ணிடணும். நம்ம ஆயாமார்களுக்கு விட்டுப்போனது நமக்கும் விட்டுப்போகக் கூடாது.

கூட்டமைப்பு இதைத் தீர்மானமாப் போட்டா, எங்க ஊராட்சியின் முதல் நோட்டு அடுத்த மாசக் கூட்டத்துக்கே வந்துடும். யாரிடமிருந்து ஆரம்பிக்கிறதுன்னும் முடிவு பண்ணியாச்சு. முன் வரிசையில் மூணாவது நாற்காலியில் உட்கார்ந்து, இவ்வளவு நேரமா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. எங்க பெரியாயா. ஆயா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெத்தலை வாங்கிக்கிட்டு வர்றோம், தயாரா இருங்க.