ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கரும்பு விளைகிற ஊர். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த செல்போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. 2022-இல் ஊர்கூடி ஒரு முடிவெடுத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சங்கு (சைரன்) ஊதும். உடனே டி.வி.யை அணைத்துவிட வேண்டும். செல்போனையும் எடுத்து வைத்துவிட வேண்டும். எட்டரை மணி வரை பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம்.

ஐஸ்லாந்திலும் 1987 வரை வியாழக்கிழமைகளில் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பே கிடையாது. 1983 வரை ஜூலை மாதம் முழுக்க விடுமுறை!

டி.வி.யை அணைக்கச் சொல்வதால் செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புயல் வருவது தெரிய வேண்டாமா? ஆனால் ஒரே விபத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அடிபட்டவருக்கு எந்த உதவியும் இல்லை. நமக்குத்தான் தூக்கம் கெடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு செய்தி அறிக்கை தாராளமாகப் போதும்.

இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு டி.வி.யை அணைத்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.