ஜோசியமும் கணக்கும்

(நாகர்கோவிலில் ஒரு வாசகசாலையில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



கம்ப்யூட்டரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். நான் பெரிய பண்டிதனல்ல. அந்த வேலையில் சில காலம் உழன்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

நான் பார்த்த ஒரு ஆப்பீசில் புதிய நிரல் ஒன்று வந்தது. ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. மறுவாரம் ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு மணி நேரம்! தோவாளையில் பூக்கட்டி ஜீவிக்கிற ஒரு தாய் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வாசலில் காத்துக் கிடந்தார். கேட்டால், "சர்வர் அப்படித்தான், எல்லாம் நேரம்" என்கிறார்கள். நேரமாவது, கிரகமாவது! நிரலில் இரண்டு ஸ்விட்சுகளைத் தப்பாக வைத்திருந்தார்கள். இவ்வளவுதான் சங்கதி.

இக்காலத்து நிரல்களில் இப்படிப்பட்ட ஸ்விட்சுகள் அனேகம். லினக்ஸ் என்ற நிரலின் மூலப்பகுதியில் மாத்திரம் 15,000-க்கு மேல். அவ்வளவு வேண்டாம், 33 ஸ்விட்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். போடுவதும் அணைப்பதுமாக சுமார் 859 கோடி விதம் ஆகிறது. உலக ஜனத்தொகையே அவ்வளவு இல்லை! எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து எது வேகமென்று கண்டுபிடிக்க யாருக்கு ஆயுள் உண்டு? ஆகவே முன்கூட்டிச் சொல்லத்தான் வேண்டும். முன்கூட்டிச் சொல்வதென்றால் ஜோசியந்தானே என்பீர்கள். அல்லவென்று காட்டவே இங்கு வந்தேன்.

1947-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்த கல்கத்தாவில் மகலனோபிஸ் 1931-ல் ஸ்தாபித்த புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த சி.ஆர். ராவ் என்ற வாலிபர் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். 7 ஸ்விட்சுக்கு 128 விதம் உண்டு. அவர் முறைப்படி அட்டவணை போட்டால் 8 ஓட்டம் போதும். ஒவ்வொரு ஸ்விட்சும் நாலு ஓட்டத்தில் போட்டிருக்கும், நாலில் அணைத்திருக்கும். எந்த இரண்டை எடுத்தாலும் நாலு விதச் சேர்க்கையும் இரண்டு தடவை வரும். ஸ்விட்சுகள் ஒன்றையொன்று பாதிக்காதவரையில், ஒவ்வொன்றின் பலனையும் இதிலிருந்தே தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

நிற்க, பாதித்தால்? நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கும்பப்பூவுக்கு உரம் மட்டும் கொட்டி, தண்ணீர் இல்லாவிட்டால் பயனுண்டா? தண்ணீரும் உரமும் சேர்ந்து தருவது, இரண்டும் தனித்தனியே தருவதன் கூட்டுத்தொகை அல்லவே! நிரலிலும் அப்படியே. தகவலைச் சுருக்க ஒரு நேரம். பிறர் படிக்காதபடி மறைக்க ஒரு நேரம். சுருக்கிவிட்டு மறைத்தால் மறைக்கவேண்டிய சரக்கே குறைந்துபோகிறது, கணக்கு மாறிவிடுகிறது. அப்போது 8 ஓட்டம் போதாது. இன்னும் சில ஓட்டம் வேண்டும்.

2012-ல் ஜெர்மனியைச் சேர்ந்த நோர்பெர்ட் சீக்மண்ட் என்பவரும் கூட்டாளிகளும் இதைத்தான் செய்தார்கள். உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிற எஸ்க்யூலைட் முதலான ஆறு நிரல்களை எடுத்து, சில ஓட்டங்களை அளந்து, எந்த ஸ்விட்சும் எந்த ஸ்விட்சும் கூட்டுச் சேருகின்றன என்று தேடி, ஓட்டாத விதங்களுக்கு முன்கூட்டி வேகம் சொன்னார்கள். பிறகு ஓட்டியும் பார்த்தார்கள். சராசரியில் நூற்றுக்கு 95 பங்கு சரியாயிருந்தது. மீதி 5 பங்கு பிசகு என்பதையும் அவர்களே அச்சிட்டார்கள்.

தோழர்களே! எந்த ஜோசியனாவது தன் பிசகைத் தானே அச்சிட்டதுண்டா? பலிக்காவிட்டால் பிறந்த நேரம் தப்பு என்பான். கணக்குக்காரனோ என் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொண்டு திருத்துகிறான். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஒரு யந்திரத்தில் அளந்தது மற்றொரு யந்திரத்துக்குப் பொருந்தாது. பத்துப்பேர் வரும் நாளில் அளந்தது ஆயிரம்பேர் வரும் நாளுக்கு உதவாது. ஆகையால் உங்கள் பஞ்சாயத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ நிரல் விற்க வருகிறவனை மூன்று கேள்வி கேளுங்கள். எந்த யந்திரத்தில், எத்தனை பேர் கூட்டத்தில் அளந்தாய்? அளக்காததற்கு எப்படிச் சொன்னாய்? எவ்வளவு பிசகும்? பதில் சொன்னால் வாங்குங்கள். "பெரிய கம்பெனி, நம்புங்கள்" என்றால் அனுப்பிவிடுங்கள். அந்தத் தாயின் ஒரு நாள் கூலி உங்கள் கேள்வியில் இருக்கிறது.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.